ஓசோன் எங்கே வெட்டுகிறது?

ஜன்னலோர அலமாரியில் பழைய மின்கட்டண ரசீதுகளை அடுக்கி, ஒரு ரப்பர் பேண்டை இறுக்கமாகப் போட்டு வைத்திருந்தேன். ஒரு வருடம் கழித்து எடுக்கப் போனால், கை பட்டதும் பட்டென்று அறுந்துவிட்டது. துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மேலெல்லாம் மெல்லிய வெடிப்புகள். எல்லாமே ரப்பர் இழுபட்டிருந்த திசைக்குக் குறுக்காக ஓடின. கட்டின் மூலையில் மடங்கி விறைப்பாக இருந்த இடத்தில் வெடிப்பு ஆழமாக இருந்தது. தளர்வாக இருந்த இடத்தில் அவ்வளவாக இல்லை.

ரப்பர் பல காரணங்களால் கெடும். சூடு பட்டால் பிசுபிசுக்கும், இல்லையென்றால் இறுகிப்போகும். ஆனால் இழுவைக்குக் குறுக்காக இப்படி வரிசை வரிசையாக வெடிப்பு விழுந்தால், அது ஓசோன் செய்த வேலை. ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியில் ஒரு குறிப்பிட்ட இடத்தை மட்டும் பார்த்து ஓசோன் வெட்டுகிறது. இதே வெட்டுதான் பைன் காட்டின் மேல் நீலப் புகைமூட்டத்தை உண்டாக்குகிறது, மல்லிகை வாசத்தின் கலவையை மாற்றுகிறது, நம் தோலிலுள்ள எண்ணெயைக்கூட உடைக்கிறது. நடு ராத்திரியில் காற்றைக் கழுவும் வேலையையும் தொடங்கி வைக்கிறது. அந்த ஒரு வெட்டை மட்டும் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் ஓசோன். இந்தப் பெயரைக் கேட்டதும் வானத்தின் உயரத்தில் நம்மைப் புற ஊதாக் கதிரிலிருந்து காக்கும் படலம்தான் நினைவுக்கு வரும். பூமியின் ஓசோனில் சுமார் 90 சதவீதம் அங்கேதான் இருக்கிறது. மிச்சம் இருக்கும் கொஞ்சம் நாம் மூச்சு விடும் காற்றில் கலந்திருக்கிறது. வாகனப் புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கரிம ஆவிகளும் வெயிலில் வினைபுரியும்போது தரைமட்ட ஓசோன் பிறக்கிறது. அளவு சொற்பம்தான்: நூறு கோடி காற்று மூலக்கூறுகளை எண்ணினால் அதில் 30 முதல் 50 வரை ஓசோனாக இருக்கும். சொற்பம் என்று விட்டுவிட முடியாது. சுண்டுவிரல் நுனியளவு காற்றை, அதாவது ஒரு கன சென்டிமீட்டரை எடுத்துக்கொண்டால், அதற்குள் சுமார் 70,000 கோடி ஓசோன் மூலக்கூறுகள் அலைந்துகொண்டிருக்கும்.

அடுத்து, ஓசோன் வெட்டும் பொருள்: 'நிறைவுறா கரிமச் சேர்மம்'. பெயர் மிரட்டினாலும் பொருள் நம் சமையலறையில் இருக்கிறது. எண்ணெய்ப் பாக்கெட்டின் பின்பக்கம் 'நிறைவுற்ற கொழுப்பு', 'நிறைவுறா கொழுப்பு' என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். தேங்காய் எண்ணெயில் பெரும்பங்கு நிறைவுற்றது, அதனால்தான் மார்கழிக் குளிரில் உறைகிறது. நல்லெண்ணெயில் பெரும்பங்கு நிறைவுறாதது, அது உறையாமல் அப்படியே இருக்கும்.

என்ன வித்தியாசம்? கார்பன் அணுவுக்கு நான்கு கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறைவுற்ற சேர்மத்தில் ஒவ்வொரு கார்பனும் பக்கத்துக் கார்பனை ஒரு கையால் மட்டும் பிடித்திருக்கும். மீதிக் கைகளில் ஹைட்ரஜன். எந்தக் கையும் காலியில்லை, அதனால் நிறைவுற்றது. நிறைவுறா சேர்மத்தில் எங்காவது ஓரிடத்தில் இரண்டு கார்பன்கள் ஒன்றையொன்று இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்ளும். இதுதான் இரட்டைப் பிணைப்பு.

இந்த இரண்டு பிடிகளும் ஒன்றுபோல இல்லை. விஷயமே இங்கேதான் இருக்கிறது. முதல் பிடியின் எலக்ட்ரான்கள் இரண்டு கார்பன்களுக்கும் நேர் நடுவே அழுந்தி நிற்கின்றன. இரண்டாவது பிடியின் எலக்ட்ரான்களுக்கு நடுவில் இடமில்லை. அவை பிணைப்புக்கு மேலேயும் கீழேயும் மேகம்போலப் படர்ந்து, வெளியிலிருந்து எளிதில் தொடக்கூடிய நிலையில் இருக்கின்றன. ஓசோனோ எலக்ட்ரானுக்காக ஏங்கும் மூலக்கூறு. அது தேடுவது இந்த மேகத்தைத்தான்.

இதற்கு எனக்குத் தெரிந்து மிக நல்ல உதாரணம் கற்பூரம். இன்று தொழிற்சாலைகளில் கற்பூரத்தைப் பெரும்பாலும் ஆல்ஃபா பைனீன் என்ற பொருளிலிருந்து தயாரிக்கிறார்கள். பைன் மரப் பிசினிலிருந்து வரும் டர்பன்டைனில் இருக்கும் பொருள் அது. பைனீனிலும் 10 கார்பன், கற்பூரத்திலும் 10 கார்பன். ஆனால் பைனீனில் இரண்டு கார்பன்களுக்கிடையே ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு. கற்பூரத்தில் அது கிடையாது. விளைவு? சாதாரண அளவு ஓசோன் உள்ள காற்றில் பைனீன் சுமார் 4 மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கற்பூரத்தை ஓசோன் சீண்டுவதே இல்லை என்று சொல்லலாம். தைலத்தில் கற்பூரத்தோடு சேரும் மென்தால், யூகலிப்டஸ் எண்ணெயின் சினியோல் ஆகியவற்றிலும் கார்பன்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பு கிடையாது. தலைவலித் தைலத்தின் முக்கிய வாசனைகள் மூன்றும் ஓசோனுக்குப் பிடி கொடுக்காதவை.

மூன்று ஆக்சிஜன், இரண்டு துண்டு

சரி, ஓசோன் மேகத்தைக் கண்டுபிடித்துவிட்டது. அப்புறம் என்ன நடக்கிறது?

ஓசோனில் மூன்று ஆக்சிஜன் அணுக்கள் உண்டு. அவை நேர்கோட்டில் நிற்பதில்லை, பூமராங்போல வளைந்திருக்கின்றன. இந்த வளைவு வசதியாகப் போய்விடுகிறது. இரு முனைகளிலும் உள்ள ஆக்சிஜன்கள் இரட்டைப் பிணைப்பின் இரண்டு கார்பன்கள் மேலும் ஒரே சமயத்தில் வந்து உட்கார முடியும். உட்கார்ந்ததும் இரண்டு கார்பன், மூன்று ஆக்சிஜன் என ஐந்து அணுக்கள் கொண்ட வளையம் உருவாகிறது. வேதியியலாளர்கள் இதை முதல்நிலை ஓசோனைடு என்கிறார்கள்.

இந்த வளையத்துக்கு ஆயுள் மிகக் குறைவு. ஆக்சிஜனும் ஆக்சிஜனும் பிடித்திருக்கும் பிடி எப்போதுமே பலவீனமானது. இங்கே மூன்று ஆக்சிஜன்கள் வரிசையாக நிற்கின்றன. போதாததற்கு, ஓசோன் ஒட்டிக்கொண்டபோது வெளிப்பட்ட ஆற்றல் முழுதும் இந்தச் சிறு வளையத்துக்குள்ளேயே தேங்கிக் கொதிக்கிறது. வளையம் இரண்டு இடங்களில் அறுகிறது. ஓரிடம் ஆக்சிஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவே. இன்னோரிடம் கார்பனுக்கும் கார்பனுக்கும் நடுவே. இரட்டைப் பிணைப்பாக இருந்த அந்த இடம் முற்றிலுமாகத் துண்டாகிவிடுகிறது. என் ரப்பர் பேண்டில் நடந்தது இதுவே. இயற்கை ரப்பர் என்பது ஐசோப்ரீன் என்ற சிறு அலகு ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி. அலகுக்கு ஓர் இரட்டைப் பிணைப்பு வீதம் அதில் உண்டு. இழுத்துப் பிடித்திருக்கும் சங்கிலி வெட்டுப்பட்டதும் இரு முனைகளும் விலகிப் போகின்றன. புதிய ரப்பர் வெளியே தெரிகிறது. ஓசோன் அங்கே போய் அடுத்த வெட்டு போடுகிறது. வெடிப்பு இழுவைக்குக் குறுக்காக ஆழமாவது இதனால்தான்.

இப்போது பங்கீட்டைக் கவனியுங்கள். துண்டுகள் இரண்டு, ஆக்சிஜன் மூன்று. சமமாகப் பிரிக்க முடியாது. ஒரு துண்டுக்கு ஓர் ஆக்சிஜன் கிடைக்கிறது. அது ஆல்டிஹைடு அல்லது கீட்டோன், அதாவது ஒரு கார்பன் ஓர் ஆக்சிஜனை இரண்டு கைகளால் பிடித்திருக்கும் சேர்மம் ஆகி ஓரளவு அமைதியாகிவிடுகிறது. இன்னொரு துண்டுக்கு இரண்டு ஆக்சிஜன்கள் வந்து சேர்கின்றன, ஒன்றன் பின் ஒன்றாக, வால்போல. இந்த வால் உள்ள துண்டுக்குக் கிரீகி இடைநிலை என்று பெயர். வளிமண்டல வேதியியலில் எனக்கு மிகப் பிடித்த மூலக்கூறு இது. வினையின் முக்கியமான கதையெல்லாம் இதற்குப் பின்னால்தான் ஆரம்பிக்கிறது.

பதினொன்றாம் வகுப்பில் வேதியியல் படித்தவர்களுக்கு ஓசோன் கொண்டு ஆல்கீனை, அதாவது கார்பன்களுக்கிடையே இரட்டைப் பிணைப்புள்ள சேர்மத்தை, பிளக்கும் வினை ஞாபகம் இருக்கும். கடைசியில் துத்தநாகத் தூளும் நீரும் சேர்ப்போம், இரண்டு ஆல்டிஹைடுகளோ கீட்டோன்களோ கிடைக்கும். பரீட்சைக்கு அவ்வளவுதான். ஆனால் அது குடுவைக்குள் நடக்கும் கதை. குடுவையில் கரைப்பான் மூலக்கூறுகள் நாலா பக்கமும் நெருக்கிக்கொண்டு நிற்பதால், வெட்டுப்பட்ட இரண்டு துண்டுகளும் ஓடிப்போக வழியில்லாமல் மறுபடி வேறு விதமாக ஒட்டிக்கொள்கின்றன. காற்றில் அந்த நெருக்கடி இல்லை. துண்டுகள் பிரிந்த வேகத்தில் பறந்துவிடும், திரும்பச் சந்திப்பது அபூர்வம். அதனால் காற்றில் கிரீகி இடைநிலை தனியாக நின்று தன் விதியைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பாடப்புத்தக வினையும் வளிமண்டல வினையும் இங்கே பிரிகின்றன. பள்ளியிலேயே இந்த ஒரு வரியைச் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைப்பேன்.

அறுபது வருடம் கண்ணில் படாத துண்டு

ஓசோனை அதன் வாசனையை வைத்து அடையாளம் கண்டவர் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் இருந்த ஷோன்பைன். 1839ல் மின்சாரம் கொண்டு நீரைப் பிரிக்கும்போது வந்த விசித்திரமான வாசனையைத் தொடர்ந்து போய், இது ஒரு தனிப் பொருள் என்று சொன்னார். ஓசோன் என்ற பெயருக்கே கிரேக்க மொழியில் வாசனை வீசுவது என்று பொருள். 1857ல் வெர்னர் ஃபான் சீமென்ஸ் ஓசோன் தயாரிக்கும் கருவியை உருவாக்கினார். அவருடைய மருமகன் கார்ல் ஹாரீஸ் என்ற வேதியியலாளர், 1900களின் தொடக்கத்தில் ஓசோனை ஓர் ஆய்வுக் கருவியாகவே பயன்படுத்தினார். புரியாத மூலக்கூறை ஓசோனால் வெட்டு, துண்டுகளைப் பார், முழு உருவத்தை ஊகி. ரப்பரை அவர் இப்படித்தான் வெட்டிப் பார்த்தார். மாமனார் கண்டுபிடித்த கருவி, மருமகன் கையில் மூலக்கூறு வெட்டும் கத்தியானது.

ஆனால் வெட்டு எப்படி விழுகிறது என்பது யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் பணியாற்றிய ருடால்ஃப் கிரீகி, 1949 வாக்கில் நான் மேலே சொன்ன படிகளை முன்வைத்தார். வால் போல இரண்டு ஆக்சிஜன் கொண்ட துண்டு ஒன்று நடுவில் வந்துபோக வேண்டும் என்றார். வினையில் கடைசியாகக் கிடைத்த பொருட்களை வைத்துச் செய்த ஊகம் அது. துண்டைத் தனியாக யாரும் பார்த்ததில்லை.

பார்ப்பது ஏன் கஷ்டம் என்றால், அதற்கு ஆயுளும் குறைவு, எண்ணிக்கையும் குறைவு. இன்னொரு தொல்லையும் உண்டு. இந்த வகையில் மிகச் சிறியதில் ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன். எறும்பு கடித்தால் எரிச்சல் தரும் ஃபார்மிக் அமிலத்திலும் அதே ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன். எடை போட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்று. பிரித்துச் சொல்ல வழியில்லை.

அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகக் குழுவினரும் பிரிட்டன் விஞ்ஞானிகளும் சேர்ந்து 2012ல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சாதித்தார்கள். ஓசோனையே அவர்கள் பயன்படுத்தவில்லை. அயோடின் கொண்ட ஒரு பொருளை லேசர் ஒளியால் உடைத்து, அதோடு ஆக்சிஜனைச் சேர்த்து, இதே துண்டைப் பெருமளவில் உண்டாக்கினார்கள். பிறகு பெர்க்லியில் உள்ள சின்குரோட்ரான் என்ற துகள்முடுக்கியின் ஒளியைக் கொண்டு அதிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கினார்கள். எலக்ட்ரானைப் பிடுங்க எவ்வளவு ஆற்றல் தேவை என்பது மூலக்கூறின் அமைப்பைப் பொறுத்தது. கிரீகி இடைநிலைக்குக் கொஞ்சம் குறைவாகப் போதும், ஃபார்மிக் அமிலத்துக்கு அதைவிட அதிகம் வேண்டும். ஒளியின் ஆற்றலை நடுவில் வைத்தால் ஒன்று மட்டும் கருவியில் தெரியும். எடை காட்டிக்கொடுக்காததை எலக்ட்ரான் காட்டிக்கொடுத்தது.

கையில் கிடைத்ததும் அதன் வேகத்தை அளந்தார்கள். கந்தக டைஆக்சைடோடு அது வினைபுரிந்த வேகம் அதுவரை கணித்ததைவிடப் பல மடங்கு அதிகம். இது சாதாரண விஷயமில்லை. கந்தக டைஆக்சைடு ஆக்சிஜனைப் பெற்றால் கடைசியில் கந்தக அமிலம் ஆகும். கந்தக அமிலம் காற்றில் நுண்துகள்களுக்கு விதை. அதே 2012ல், ஃபின்லாந்தின் ஹூட்டியாலா காட்டில் அளவெடுத்த இன்னொரு குழுவும், வழக்கமாகத் தெரிந்த வழிகளால் விளக்க முடியாத அளவு கந்தக டைஆக்சைடு அமிலமாக மாறுகிறது என்று எழுதியது. மரங்கள் விடும் ஆவியும் ஓசோனும் சேர்ந்த வினையில் வரும் துண்டுதான் அதற்குக் காரணம் என்று அவர்கள் சந்தேகித்தார்கள்.

நம் ஊர்போல ஈரக்காற்று இருக்கும் இடங்களில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மிகச் சிறிய கிரீகி இடைநிலையை நீராவி விட்டுவைப்பதில்லை. அதுவும் இரண்டு நீர் மூலக்கூறுகள் ஜோடியாக ஒட்டிக்கொண்டு வந்தால் உடனே பிடித்துவிடும். எனவே ஈரம் கூடிய காற்றில் இது கந்தகம் வரை போய்ச் சேர்வது குறைவு. பெரிய கிரீகி துண்டுகள் சிலவற்றை நீரால் அவ்வளவு சுலபமாகப் பிடிக்க முடிவதில்லை. எந்தத் துண்டு, எந்த வடிவம் என்பதைப் பொறுத்து கதை மாறும்.

இருட்டில் பிறக்கும் துப்புரவாளர்

கிரீகி இடைநிலைக்கு இன்னொரு பாதையும் உண்டு. பூமியின் காற்றுக்கு இதுதான் மிக முக்கியம் என்பது என் எண்ணம்.

பிறக்கும்போதே அது சூடாக, ஆற்றல் நிரம்பி இருக்கிறது. சுற்றியுள்ள நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகள் மேல் மோதி மோதி ஆறிவிட்டால் பிழைத்துக்கொள்ளும். ஆறுவதற்குள் சிலவற்றில் வேறொன்று நடந்துவிடுகிறது. பக்கத்துக் கார்பனில் உள்ள ஒரு ஹைட்ரஜன் தாவி, வாலின் நுனி ஆக்சிஜனில் போய் ஒட்டிக்கொள்கிறது. இப்போது வால் நுனியில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஜோடியாக நிற்கின்றன. அந்த ஜோடி கழன்று விழுகிறது. அதுதான் ஹைட்ராக்சில் உறுப்பு. வேதியியலில் உறுப்பு என்றால், ஜோடி சேராத எலக்ட்ரானோடு எதனோடும் சட்டென்று வினைபுரியத் துடிக்கும் துண்டு.

ஹைட்ராக்சிலைக் காற்றின் துப்புரவாளர் என்று சொல்வது வழக்கம். மீத்தேன், கார்பன் மோனாக்சைடு, இன்னும் எத்தனையோ ஆவிகளைக் காற்றிலிருந்து அகற்றுவதில் முதல் கை இதுதான். ஆனால் இது பிறப்பதற்கு வழக்கமாக வெயில் வேண்டும். ஓசோனைப் புற ஊதா ஒளி உடைத்து, அதில் வரும் ஆக்சிஜன் அணு நீராவியோடு சேர்ந்தால் ஹைட்ராக்சில். அதனால் இரவில் இந்தத் துப்புரவுப் பணி நின்றுபோகும் என்றுதான் எண்ணத் தோன்றும். இரட்டைப் பிணைப்பு வழிக்கு ஒளியே தேவையில்லை. ஓசோனும் ஓர் ஆல்கீனும் இருட்டில் சந்தித்தால் போதும். பைனீன் விஷயத்தில் 10 மூலக்கூறுகள் வெட்டுப்பட்டால் ஏறக்குறைய 8 ஹைட்ராக்சில் பிறக்கின்றன. எத்தீனில் இது 10க்கு 1 அல்லது 2 மட்டுமே, அதற்குத் தாவ வசதியான பக்கத்துக் கார்பன் இல்லை. குளிர்கால நகரங்களில், வெயில் மந்தமாக இருக்கும் நாட்களில், காற்றின் வேதியியல் படுத்துவிடாமல் ஓடிக்கொண்டிருப்பதற்கு இந்த வழி ஒரு பெரிய காரணம்.

யாருக்கு எவ்வளவு நேரம்

எல்லா இரட்டைப் பிணைப்புகளும் ஒரே வேகத்தில் வெட்டுப்படுவதில்லை. நூறு கோடியில் 30 ஓசோன் உள்ள காற்றை வைத்துக் கணக்கிட்டால், பழத்தைப் பழுக்கவைக்கும் எத்தீன் மூன்றில் ஒரு பங்காகக் குறையப் பத்து நாள் ஆகும். அதே பின்னத்துக்கு ஐசோப்ரீனுக்கு ஒரு நாளுக்குச் சற்று அதிகம். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் உள்ள லிமோனீனுக்கு இரண்டு மணி நேரம்கூட இல்லை. மிளகு, கிராம்பு வாசனையில் இருக்கும் பீட்டா காரியோஃபிலீனுக்கு வெறும் இரண்டு நிமிடம். பத்து நாளும் இரண்டு நிமிடமும் எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள்.

காரணம் எலக்ட்ரான் மேகத்தின் அடர்த்தி. இரட்டைப் பிணைப்பின் கார்பன்களில் வெறும் ஹைட்ரஜன் இருந்தால் மேகம் மெலிந்திருக்கும். ஹைட்ரஜனுக்குப் பதிலாகக் கார்பன் கிளைகள் ஒட்டியிருந்தால், அவை கொஞ்சம் எலக்ட்ரானைத் தள்ளிக் கொடுத்து மேகத்தைத் தடிமனாக்கும். ஓசோன் சீக்கிரம் வந்து சேரும். காரியோஃபிலீனில் இதோடு வளையத்தின் முறுக்கமும் சேர்ந்துகொள்கிறது.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆகவேண்டும். பென்சீன் வளையத்திலும் இரட்டைப் பிணைப்பு போட்டுத்தான் படம் வரைவோம். ஆனால் அங்கே எலக்ட்ரான்கள் வளையம் முழுக்கப் பொதுவாகப் பரவி நிலைத்திருக்கின்றன. ஓசோன் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

மல்லிகையில் இதன் விளைவைப் பார்க்கலாம். அதன் வாசனையில் லினலூல் உண்டு, பென்சைல் அசிடேட்டும் உண்டு. லினலூலில் இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. மேலே சொன்ன காற்றில் ஒரு மணி நேரத்துக்குள் மூன்றில் ஒரு பங்காகிவிடும். பென்சைல் அசிடேட்டில் இருப்பது பென்சீன் வளையம் மட்டும், ஓசோனிடமிருந்து தப்பித்துக்கொள்ளும். அப்படியானால் பூவுக்குப் பக்கத்தில் ஒரு கலவை, காற்றோடு தூரம் போனபின் வேறொரு கலவை. நமக்கு இதில் பெரிய நஷ்டமில்லை, பூச்சிகளுக்கு உண்டு. ஜெர்மனியில் யேனா நகரின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் பங்கேற்று 2020ல் வெளியான ஆய்வில், ஓசோன் கலைத்த பூவாசனையைப் புகையிலை அந்துப்பூச்சி முதலில் நாடவில்லை. பூவின் தோற்றத்தைப் பார்த்துத் தேடிவந்து தேனும் குடித்த பிறகு, மாறிய வாசனையையும் அது கற்றுக்கொண்டது. அந்தப் பூச்சியை நினைத்தால் மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது.

காட்டின் மேல் நீலம், நகரத்தின் மேல் புகை

செடிகொடிகள் ஆண்டுக்குச் சுமார் 50 கோடி டன் ஐசோப்ரீனைக் காற்றில் விடுகின்றன. உலகின் மொத்த மீத்தேன் வெளியீட்டுக்குக் கிட்டத்தட்ட ஈடான அளவு. அதோடு பைனீன், லிமோனீன் போன்ற டெர்பீன்களும் சேர்கின்றன. இவ்வளவு நிறைவுறா ஆவி மேலே போய் என்ன ஆகிறது? 1960ல் ஃப்ரிட்ஸ் வென்ட் என்ற தாவரவியலாளர், காடுகளின் மேல் தெரியும் நீல மூட்டத்துக்கு இந்த ஆவிகளே காரணம் என்று எழுதினார். அமெரிக்காவின் ஸ்மோக்கி மலைகளிலும், யூகலிப்டஸ் நிறைந்த ஆஸ்திரேலியாவின் நீலமலைகளிலும் தெரியும் நீலம் இத்தகையது.

எப்படி என்பதற்கும் அதே வெட்டுதான் பதில், ஒரு சின்ன வித்தியாசத்தோடு. பைனீனின் இரட்டைப் பிணைப்பு ஒரு வளையத்துக்குள் இருக்கிறது. வளையத்தை ஓரிடத்தில் வெட்டினால் அது இரண்டு துண்டாகாது, திறந்துகொள்ளும். 10 கார்பனும் அப்படியே இருக்க, இரு முனைகளிலும் ஆக்சிஜன் ஏறிவிடும். ஆக்சிஜன் ஏற ஏற மூலக்கூறு கனமாகி, ஆவியாக மிதக்க முடியாமல் துகள்களில் படியத் தொடங்கும். 2014ல் ஹெல்சின்கி குழுவினரும் மற்றவர்களும் காட்டியது இன்னும் வியப்பானது. வெட்டுப்பட்டபின் வரும் உறுப்பு தனக்குள்ளேயே ஹைட்ரஜனை இடம் மாற்றி மாற்றி, காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கிக்கொண்டே போகிறது. சில நொடிகளுக்குள் கொத்தாக ஆக்சிஜன் சுமந்த மூலக்கூறாகிவிடுகிறது. 2016ல் ஜெனிவாவின் செர்ன் ஆய்வகத்தில், பைனீனிலிருந்து வந்த இத்தகைய மூலக்கூறுகளே கந்தக அமிலத்தின் துணையில்லாமல் புதிய துகள்களை உண்டாக்குவதைப் பார்த்தார்கள். அந்தத் துகள்கள் வளர்ந்தால் மேகத்துளிகள் அவற்றின் மேல் உட்காரும்.

நகரத்தில் இதே வினை கடுமையாக இருந்தது. 1940களில் லாஸ் ஏஞ்சலஸைக் கண்ணெரியும் புகைமூட்டம் சூழ்ந்தபோது, கால்டெக் பல்கலைக்கழகத்தில் அன்னாசிப்பழ வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்த ஆரி ஹாகன் ஸ்மிட் இந்தப் பிரச்சினைக்குத் திரும்பினார். பெட்ரோல் ஆவியையும் ஓசோனையும் கலந்து செடிகள் மேல் விட்டபோது, நகரப் புகையால் இலைகளில் வந்த அதே சேதம் வந்தது. பெட்ரோலில் இருந்த நிறைவுறா பகுதிதான் அதில் முக்கியக் குற்றவாளி. ஓசோனை அளக்க அவர் பயன்படுத்திய முறை எனக்கு மிகவும் பிடிக்கும்: ரப்பர் பட்டையை வளைத்துக் கட்டி, வெடிப்பு விழ எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்ப்பார்.

டயர் செய்பவர்களுக்கு இந்த வெடிப்பு நிரந்தரத் தலைவலி. அதனால் ரப்பருக்கு முன் தானே ஓசோனிடம் போய் மாட்டிக்கொள்ளும் ஒரு பொருளை டயரில் கலக்கிறார்கள். அந்தத் தியாகத்துக்கு வேறொரு விலை இருந்தது 2020ல் தெரியவந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ஓடைகளில், முட்டையிட வந்த கோஹோ சால்மன் மீன்கள் மழைக்குப் பிறகு கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தன. டயர்ப் பொருள் ஓசோனோடு வினைபுரிந்து உண்டாகும், குயினோன் வகையைச் சேர்ந்த ஒரு நச்சுச் சேர்மம் சாலை நீரோடு ஓடையில் கலந்ததுதான் காரணம்.

வீட்டுக்குள்

நம் தோலின் எண்ணெயில் ஸ்குவாலீன் என்ற பொருள் இருக்கிறது. 30 கார்பன், ஆறு இரட்டைப் பிணைப்புகள். ஓசோனுக்கு இதைவிட நல்ல விருந்து கிடைக்காது. அறைக்குள் வந்த ஓசோன் நம் கை, முகம், தலைமுடி, அழுக்குச் சட்டை எல்லாவற்றிலும் இந்த ஆறு இடங்களையும் வெட்டுகிறது. அசிட்டோனும் வேறு சில கீட்டோன்களும் ஆல்டிஹைடுகளும் காற்றில் கலக்கின்றன. ஆட்கள் நிறைந்த வகுப்பறையிலோ விமானத்திலோ ஓசோன் அளவு கணிசமாகக் குறைவதற்கு மனிதத் தோலே ஒரு காரணம். நாம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் காற்றின் வேதியியலில் பங்கெடுக்கிறோம்.

இதனால்தான் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். காற்றைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி ஓசோன் உண்டாக்கும் கருவிகளை விற்கிறார்கள். ஆள் இருக்கும் அறையில் அதைப் போடாதீர்கள். ஓசோன் நுரையீரலுக்கே கெடுதல். இந்தியாவில் எட்டு மணி நேரச் சராசரிக்கு வைத்திருக்கும் வரம்பு ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம்தான். அதோடு, எலுமிச்சை வாசனைத் தரை துடைப்பானிலிருந்து வரும் லிமோனீனும் அந்த ஓசோனும் சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடும் நுண்துகள்களும் பிறக்கும். துடைத்த வாசனை போனபின்னும் அவை அறையில் தங்கும். வெளியே ஓசோன் உச்சத்தில் இருப்பது மதியத்திலிருந்து மாலை வரை. எங்கள் வீட்டில் வாசனைத் திரவம் போட்டுத் துடைப்பதைக் காலையிலேயே முடித்துவிடுகிறோம்.

குழந்தைகளுக்கு இந்த வெட்டைக் கண்ணால் காட்ட ஒரு வழி உண்டு. ஒரே பாக்கெட்டிலிருந்து மூன்று ரப்பர் பேண்ட் எடுங்கள். ஒன்றை மரக்கட்டையில் நன்றாக இழுத்து மாட்டி, வெயில் நேராகப் படாத பால்கனியில் வையுங்கள். இரண்டாவதை அதன் பக்கத்திலேயே தளர்வாகப் போடுங்கள். மூன்றாவதையும் இழுத்து மாட்டி, மூடி இறுக்கமான கண்ணாடி பாட்டிலுக்குள் வையுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து உருப்பெருக்கிக் கண்ணாடியோடு போய், மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.